குமிழியின் மேல் போட்ட பழி

கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு தண்ணீருக்கடியில் பேசும் கருவி செய்யலாம் என்று பெங்களூர்க்காரர்களுக்குத்தான் தோன்றும். தொண்ணூறுகளின் கடைசியில் எலெக்ட்ரானிக் சிட்டியில், ஒரு தகரக் கொட்டகையில், அப்படித் தோன்றிய ஒரு மனிதரிடம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு அது முதல் வேலை. சொந்த ஊர் குடியாத்தம். அங்கே தண்ணீர் என்றால் குழாயடிச் சண்டை. அதற்கு அடியில் போய்ப் பேசவேண்டிய அவசியம் எங்கள் ஊரில் யாருக்கும் வந்ததில்லை.

முதலாளி கன்னடக்காரர். ஏதோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒலியைப் பற்றி ஆயுள் முழுக்கப் படித்துவிட்டு, ஓய்வு பெற்றதும் வந்த பணத்தை இந்தக் கொட்டகையில் கொட்டியிருந்தார். அணைகளைப் பராமரிக்கும் துறை ஒன்று அவர் கருவியில் ஆசை வைத்திருந்தது. அணைக்கு அடியில் மதகைப் பழுதுபார்க்கப் போகும் டைவர்கள் ஒருவருக்கொருவர் கயிற்றை இழுத்தும் கையை ஆட்டியும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வாய்ப்பேச்சு வேண்டும், நடுவில் வயர் இருக்கக்கூடாது. இரண்டு டைவர்கள் தண்ணீருக்குள் ஒருவரோடு ஒருவர் பேசுவதைத் துறையின் தலைமைப் பொறியாளர் காதால் கேட்டால் ஆர்டர். ஆர்டர் வந்தால் எனக்கு வேலை நிரந்தரம். வராவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு, எனக்குக் குடியாத்தம் பஸ். முதலாளி இதை முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். என் அப்பாவோ அதைவிட ஒருபடி மேலே போய், தன் சிநேகிதரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் எனக்கு ஒரு நாற்காலியைச் சொல்லிவைத்திருந்தார். மகள் தோற்று வருவாள் என்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலில்தான் பாதி நாள் வேலை செய்தேன்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ரேடியோ அலை தண்ணீரைக் கண்டால் சில அடிகளிலேயே செத்துப்போகும். ஆகவே குரலை, மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலி ஒன்றின் முதுகில் ஏற்றி அனுப்பவேண்டும். டைவர் முகம் முழுவதையும் மூடும் கண்ணாடி முகமூடி போட்டுக்கொள்வார். உள்ளே மைக். மார்பில் ஒரு பொத்தான். அதை அழுத்திப் பேசினால், பிஸ்கட் அளவுள்ள ஒரு பீங்கான் வில்லை அதிர்ந்து குரலைத் தண்ணீருக்குள் தள்ளும். இன்னொருவரின் வில்லை அதை வாங்கிக் காதில் போடும். பொத்தானை விட்டால்தான் தனக்கு வருவது கேட்கும். மேலே மிதக்கும் தெப்பத்தில் என்னிடம் ஒரு மைக், ஒரு ஒலிபெருக்கி, தண்ணீருக்குள் கயிறு கட்டி இறக்கிய ஒரு வில்லை. யார் என்ன பேசினாலும் எனக்குக் கேட்கும்.

சோதனைக்கு ஆனேக்கல் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி கிடைத்தது. கிரானைட்டை வெட்டி எடுத்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிறைந்து, பார்த்தால் பச்சையாக, பயமாக இருக்கும். டைவர்கள் இருவரும் பெங்களூர்த் தமிழர்கள். பெரியவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும், ஜீவனஹள்ளிக்காரர். சின்னவர் முப்பதை ஒட்டியவர், ஜோகுபாளையத்தில் நான் தங்கியிருந்த சித்தி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஏரியில் விழுந்த வண்டி, கிணற்றில் விழுந்த மோட்டார், அணையில் சிக்கிய மரம் என்று எதுவானாலும் இந்த ஊரில் இவர்கள் இரண்டு பேரைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீருக்குள் இவர் கையசைத்தால் அவர் முடிச்சை அவிழ்ப்பார். அப்படி ஒரு ஜோடிப் பொருத்தம் என்று அவர்களை அனுப்பிவைத்த காண்டிராக்டர் சத்தியம் செய்து கொடுத்தார்.

முதல் நாள் சோதனையிலேயே கோளாறு தெரிந்தது.

பெரியவர் அடியிலிருந்து பேசினார். ஒலிபெருக்கியில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "மேடம், ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணிட்டேன். அங்க கேட்டுச்சான்னு கேளுங்க." நான் என் மைக்கில் சின்னவரைக் கேட்டேன். "மேடம், நீங்க பேசறது கணீர்னு கேக்குது. அங்கேர்ந்து ஒண்ணும் கேக்கல." பிறகு சின்னவர் எண்ணினார். எனக்குக் கேட்டது. பெரியவரைக் கேட்டேன். "உங்க குரல் சூப்பரா வருது மேடம். வேற எதுவும் நம்ம காதுக்கு வர்ல."

மேலே இருப்பவர்களுக்குக் கீழே இருவர் பேசுவதும் கேட்கிறது, கீழே இருவருக்கும் மேலிருந்து பேசுவது கேட்கிறது, ஆனால் கீழே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. முதலாளி முகத்தில் துக்கத்தைவிடச் சந்தோஷமே அதிகம் தெரிந்தது. அவர் ஆயுள் முழுக்கப் படித்ததற்கு இப்போதுதான் வேலை வந்திருந்தது.

"மேலே போற சவுண்டு நேரா போகுது. பக்கவாட்டுல போறதுதான் பிராப்ளம்," என்றார். அவருடைய முதல் சந்தேகம் குமிழி மேல் விழுந்தது. டைவர் மூச்சு விட்டால் முகமூடியிலிருந்து குமிழிகள் கொத்துக்கொத்தாகப் புறப்படும். ஒலிக்குக் காற்றுக் குமிழி பிடிக்காது. ஒரு திரை போட்டதுபோல் அங்கேயே சிதறிவிடும். இது உண்மைதான், புத்தகத்திலும் இருக்கிறது. எனவே மூச்சு வெளியேறும் வழியை ஒரு ரப்பர் குழாய் வைத்து முதுகுக்குத் திருப்பினோம். அப்படியும் கேட்கவில்லை என்றார்கள். பேசும்போது மட்டும் மூச்சு விடாமல் பேசச் சொல் என்று முதலாளி எனக்கு உத்தரவு போட்டார். நான் அதை அப்படியே பெரியவரிடம் ஒப்பித்தேன்.

"மூச்சு விடாம எப்பிடி மேடம் பேசறது? நீங்க ஒரு தபா பேசிக் காட்டுங்க, அப்பால நான் பேசறேன்."

முயன்று பார்த்தேன். முடியவில்லை. பேச்சு என்பதே வெளியே விடும் மூச்சுதான் என்கிற உண்மையை ஒரு பொறியாளர் கல்குவாரிக்கு வந்துதான் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

அடுத்த சந்தேகம் பாறை மேல். கிரானைட் சுவரில் ஒலி மோதித் திரும்பி, ஒரே வார்த்தை நாலு திசையிலிருந்து முன்னும் பின்னுமாக வந்து குழம்பிவிடும். இதுவும் உண்மைதான். எதிரொலியை விழுங்க மெத்தென்று ஏதாவது வேண்டும் என்றார் முதலாளி. சிவாஜிநகரில் பழைய தென்னை நார் மெத்தைகளை வாங்கி வேனில் போட்டு வந்து, கயிறு கட்டிக் குவாரிச் சுவரோடு தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். மேலே சாலையில் போன கிராமத்துப் பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி கன்னடத்தில், "யார் வீட்டுல குழந்தைங்க இத்தனை மெத்தையை நனைச்சுது?" என்று கேட்டாள். நான் குனிந்து அடுத்த மெத்தைக்குக் கயிறு கட்டினேன்.

கோளாறு அதற்கும் மசியவில்லை. வெயிலில் மேல் தண்ணீர் சூடாகவும் அடித் தண்ணீர் குளிர்ந்தும் இருந்தால் அந்த இரண்டும் சேருமிடத்தில் ஒலி வளைந்துவிடும் என்று ஒரு வாரம் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். முதுகுச் சிலிண்டர் ஒலியை மறைக்கிறது என்று சொல்லி வில்லையைத் தோளிலிருந்து தலை உச்சிக்கு மாற்றினோம். சின்னவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கோபுரத்துல கலசம் வெச்ச மாதிரி கீது மேடம், கும்பாபிஷேகம் எப்போ?" என்றார். நான் சிரித்தேன். பெரியவர் அதைக் கேட்டும் சிரிக்காமல் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப கண்டிப்பான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் வேலை நிற்கக்கூடாது என்பதற்காக ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. பெரியவர் சொல்வதை நான் கேட்டு, சின்னவருக்குத் திருப்பிச் சொல்வேன். சின்னவர் சொல்வதைப் பெரியவருக்குச் சொல்வேன். "மேடம், திருகு சாவியை இப்பிடி நீட்டச் சொல்லுங்க." "மேடம், நீட்டியாச்சுன்னு சொல்லுங்க." இருவருக்கும் நடுவே ஒரு கைநீட்டு தூரம்தான் இருக்கும். செய்தி மட்டும் மேலே வந்து என்னைச் சுற்றிக் கீழே போகும். ஒவ்வொரு வாக்கியத்தையும் 'மேடம்' என்றே தொடங்கினார்கள். நானும் அதை எனக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டு உள்ளூரப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மட்டும் எனக்கு லேசாக உறைத்தது. பெரியவர் கீழிருந்து, "மேடம், அந்த எடது கைப்பக்கம் ஒரு பழைய கம்பி நீட்டினு இருக்கு, ஒதுங்கிக்கச் சொல்லுங்க," என்றார். நான் மைக்கை எடுப்பதற்குள் சின்னவரின் குமிழிகள் தண்ணீர் மேல் வலதுபக்கமாகத் திரும்பி ஓடின. அவருக்குக் கேட்டுவிட்டது. மேலே வந்ததும் கேட்டேன். "இல்லியே மேடம், ஒண்ணும் கேக்கலியே," என்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார். முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் சலித்துக்கொண்டார். "மனுஷன்னா அப்படி இப்படி நகருவான்மா. அதை எல்லாம் டேட்டான்னு எடுக்கக்கூடாது." குமிழிதான் குற்றவாளி என்று அவர் துறைக்கு ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்தார். எழுதி அனுப்பிவிட்டால் அப்புறம் கடவுளே வந்து சொன்னாலும் கேட்கமாட்டார்.

ஆடி மாதம் பிறந்தது. ஒருநாள் காலை கம்பெனி வேனில் டைவர்களோடு ஒரு பெண்ணும் இறங்கினாள். பெரியவரின் மனைவி. ஜீவனஹள்ளி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியிருந்தார்கள். தண்ணீரில் வேலை செய்கிறவர்களுக்கு அம்மன் கூழ் வயிற்றில் இருக்கவேண்டும் என்று தூக்குவாளி நிறையக் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். இடுப்பில் இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. வேனிலிருந்து இறங்கியதுமே குழந்தை சின்னவரிடம் தாவியது. அவள் சின்னவரின் சொந்த அக்கா என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மாமனும் மச்சானும் ஒரே வேனில் தினமும் வருகிறார்கள், ஒருவர் டிரைவர் பக்கத்தில், ஒருவர் கடைசி சீட்டில். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எல்லோரும் பாறை மேல் உட்கார்ந்தோம். அந்த அம்மாள் டம்ளரில் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு மனைவியிடம், "அவனுக்குக் கருவாடு நல்லா வை," என்றார். இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்த சின்னவர், "போதும்னு சொல்லுக்கா," என்றார். அவள் திரும்பி, "போதுமாம்," என்றாள். பெரியவர், "ஒடம்பு எளைச்சுப்போச்சுன்னு சொல்லு, துன்னச் சொல்லு," என்றார். "துன்னுவியாம்," என்றாள் அவள். "சரின்னு சொல்லு."

என் டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. இங்கே தண்ணீர் இல்லை. குமிழி இல்லை. கிரானைட் எதிரொலி இல்லை. தலையில் கலசம் இல்லை. திறந்த காற்றில், ஆளுக்கு ஆள் கையெட்டும் தூரத்தில், அதே கோளாறு. நடுவில் என் இடத்தில் அந்த அம்மாள்.

அவளைத் தனியாக வேன் பக்கம் அழைத்துப்போய்க் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா மேடம்? ரெண்டு பேரும் பேசி ரெண்டு வருசமாச்சே," என்றாள், அரிசி விலையைச் சொல்வதுபோல. "என் மூத்த பொண்ணுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில வெச்சுத்தானே குத்தணும்? இவன் ஓசூர்ல ஏதோ கெணத்துல மோட்டார் எடுக்கப் போயி மாட்டிக்கினான். பூசாரி நேரம் போகுது, நேரம் போகுதுன்னு கத்தறான். இவரு அவுங்க அண்ணன் மடியில உக்கார வெச்சுக் குத்திட்டாரு. குத்தி முடிச்சு ரத்தம் தொடைக்கறோம், இவன் சீர்த்தட்டோட வந்து நிக்கறான். இவராவது சும்மா இருந்திருக்கலாம். நேரத்துக்கு வராதவன் இன்னா மாமன்னு அத்தினி பேரு முன்னாடி கேட்டுட்டாரு. அன்னிக்கு நின்னது பேச்சு."

"ஆனா ஒண்ணா வேலை செய்யறாங்களே?"

"தண்ணிக்குள்ள பேசவேணாம் இல்ல மேடம்? கயிறு இழுத்தா போதும். அதான் சண்டை போட்டும் பொழப்பு ஓடிச்சு." குழந்தையின் துளை இல்லாத காதைத் தடவினாள். "இவளுக்கு இன்னும் குத்தல. என் தம்பி மடி இல்லாம குத்தமாட்டேன்னு நான் சொல்ட்டேன். அவரு போய்க் கூப்பிடமாட்டேன்றாரு. இவன் கூப்பிடாம வரமாட்டேன்றான். வயசு ஏறிக்கினே போவுது."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோம் என்பது எனக்குப் புரிந்தது. கருவி முதல் நாளிலிருந்தே நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. கோபமாக இருக்கும் வீட்டில் ஒரு சட்டம் உண்டு, எங்கள் வீட்டிலும் உண்டு: பேச்சுவார்த்தை இல்லாதவர் பேசுவது காதில் விழுந்தாலும் விழுந்ததாக ஒப்புக்கொள்ளக்கூடாது. ஒப்புக்கொண்டால் தோற்ற மாதிரி. கேட்கவில்லை என்று அவர்கள் சொன்னது பொய்யே இல்லை, அது மானம். பேசவே முடியாத ஓர் இடம் இந்த உலகத்தில் இருக்கிறது என்றுதான் அந்த இரண்டு பேரும் நிம்மதியாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய் அங்கே டெலிபோன் வைத்தோம்.

முதலாளியிடம் ஓடினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குடும்ப விஷயம் கருவியின் வரம்புக்குள் வராது என்றார். பிறகு யோசித்து, "அப்ப என் குமிழி?" என்றார், பாவமாக. அவருக்கு ஆர்டர் போவதைவிடக் குமிழி போவதுதான் வலித்தது.

அதற்குள் தலைமைப் பொறியாளர் வருகிற தேதியும் வந்துவிட்டது. மதகுக் குகைக்குள் போனால் மேலிருந்து யாரும் இடைத்தரகு பார்க்கமுடியாது, ஆகவே டைவர்கள் நேரடியாகத்தான் பேசவேண்டும் என்று அவர் அழுத்திச் சொல்லியிருந்தார். நான் தனித்தனியாகக் கெஞ்சிப் பார்த்தேன். பெரியவர் சிலிண்டர் வால்வைத் திருகிக்கொண்டே, "நான் பேசமாட்டேன்னு எங்க மேடம் சொன்னேன்? வயசுல சின்னவன், அவன் மொதல்ல பேசட்டும்," என்றார். சின்னவர் அதைவிட மோசம். "தாய்மாமன் மடி வேணாம்னவருக்குத் தாய்மாமன் கொரலு மட்டும் எதுக்கு மேடம்?" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நாற்காலி கண்முன் வந்து வந்து போனது.

முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். இருவருக்கும் வசனம் எழுதிக் கொடுத்தார். "சகோதரா, திருகு சாவியைக் கொண்டு வா." "இதோ கொண்டு வருகிறேன் சகோதரா." இருவரும் பணிவாக வாங்கிப் படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பணிவு எனக்கு நல்லதாகப் படவில்லை.

குறிப்பிட்ட நாளில் தலைமைப் பொறியாளர் குடையோடும் இரண்டு உதவியாளர்களோடும் வந்து, தெப்பத்தில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பருத்த மனிதர். தெப்பம் அவர் பக்கம் சாய்ந்தது. கீழே இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். ஒலிபெருக்கி கொரகொரத்தது.

"மேடம், சாவியைக் கொண்டாரச் சொல்லுங்க."

பெரியவர் குரல். வசனம் போன இடம் தெரியவில்லை. இன்னும் ஒரு நொடியில் நான் பதில் சொல்வேன், சின்னவர் என்னிடம் பேசுவார், தலைமைப் பொறியாளர் எழுந்துவிடுவார். யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது புளுகு. கை தானாகப் போய் என் மைக்கின் வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கியது. பிடுங்கிய நுனியைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, செத்த மைக்கில் "ஹலோ, ஹலோ" என்று நடித்தேன். ஒலிபெருக்கி மட்டும் உயிரோடு இருந்தது. இனி அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கும், நாங்கள் பேசுவது அவர்களுக்குப் போகாது.

"மேடம்?" என்றார் பெரியவர். குமிழிச் சத்தம். "மேடம், சாவி."

முதலாளி என்னை முறைத்தார். தலைமைப் பொறியாளர் குடையைத் தட்டி, கன்னட மரியாதைக்கு ஒரு 'ரீ' சேர்த்துக் கேட்டார். "என்ன ரீ ஆச்சு?"

"ஒரு நிமிஷம் சார்," என்றேன்.

அப்புறம் சின்னவரின் குரல் வந்தது. "மேடம், அவரோட சிலிண்டர் வால்வுல கொஞ்சம் காத்து கசியுது. சொல்லிடுங்க." பதில் போகவில்லை. "மேடம் லைன்ல இல்ல போலகீது." "யாராச்சும் சொல்லுங்களேன், வால்வு கசியுதுன்னு."

நீண்ட குமிழிச் சத்தம். பிறகு பெரியவர், முகம் தெரியாத அந்த யாரோ ஒருவருக்குச் சொன்னார்: "யாராச்சும் சொல்லுங்க, கேட்டுச்சுன்னு."

தலைமைப் பொறியாளர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். தெப்பம் இன்னும் சாய்ந்தது.

"யாராச்சும் சொல்லுங்க, திரும்பி நின்னா இறுக்கி விடறேன்னு."

"திரும்பியாச்சுன்னு சொல்லுங்க."

இரும்பு உரசும் சத்தம் கேட்டது. வேலை முடிந்தது. இத்தோடு நிறுத்தியிருந்தால் சோதனை பாஸ். ஆனால் கிணறு வெட்டினால் பூதம் கிளம்பாமல் இருக்குமா?

"யாராச்சும் கேளுங்க," என்றார் சின்னவர், "அன்னிக்கு ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கக் கூடாதான்னு."

முதலாளி தலைமைப் பொறியாளர் பக்கம் குனிந்து, "டெஸ்ட் சென்டென்ஸ் சார்," என்றார் அவசரமாக. அவர் கையைக் காட்டி அடக்கினார். "சும்ம இருங்க ரீ. நான் அல்சூர்ல பொறந்தவன், எனக்குத் தமிழ் வரும்."

கீழே இருவரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்திவிட்டார்கள் போல, வெறும் இரைச்சல் வந்தது. "இது என்ன?" என்று கேட்டார் அவர். ஒருவழியாகத் தனக்குத் தெரிந்த கேள்வி வந்துவிட்ட மகிழ்ச்சியில் முதலாளி விளக்கினார். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இருவர் பேச்சுமே கேட்காமல் போகும். ஒருவர் பேசி முடித்துப் பொத்தானை விடும்வரை மற்றவர் வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தான் ஆகவேண்டும். இந்த நாட்டில் எந்தக் குடும்பச் சண்டைக்கும் கிடைக்காத வசதி அது.

இரைச்சல் ஓய்ந்தது. பெரியவர் பேசினார். "யாராச்சும் சொல்லுங்க, பூசாரி கத்தினான்னு. எங்க அண்ணன் வேற, நான் இருக்கேன்டான்னு வந்து உக்காந்துட்டான். வாணாம்னு சொல்ல எனக்கு வாய் வர்ல. அப்பால தட்டோட வந்து நின்னதைப் பார்த்ததும் எனக்கே என் மேல கோவம். அதை அவன் மேல காட்டிட்டேன்."

கடைசி வாக்கியத்தில் யாராச்சும் இல்லை. அவருக்கே தெரியாமல் நழுவிவிட்டது. ரொம்ப நேரம் குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

"மாமா," என்றார் சின்னவர். இரண்டு வருடத்தில் முதல் தடவை. "பாப்பா அழுதாளா?"

"அழுதா. ஊசி குத்தறதுக்கு முன்னாடியே அழுதா. மாமா எங்க, மாமா எங்கன்னு."

மூச்சு ஏறி இறங்குவது மட்டும் கேட்டது. முகமூடிக்குள் அழுதால் கண்ணைத் துடைக்கமுடியாது. நான் துப்பட்டாவின் மறுமுனையால் துடைத்துக்கொண்டேன், சொல்ல வெட்கமில்லை. முதலாளி குவாரிச் சுவரில் தொங்கிய தன் மெத்தைகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமைப் பொறியாளர் கைக்குட்டையால் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். "ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுது ரீ. இதுக்கு மேல என்ன வேணும்? ஆயிது, முடிஞ்சுது. ஆர்டர் அனுப்பறேன்," என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு வேலை நிரந்தரமானது. அப்பாவின் சிநேகிதர் நாற்காலிக்கு வேறு ஆள் தேடவேண்டியதாயிற்று. குமிழிக் குழாயும் நார் மெத்தைகளுமே வெற்றிக்குக் காரணம் என்று முதலாளி பிறகு துறைக்கு எழுதினார். நான் அதை மறுக்கவில்லை. வேலை நிரந்தரமானவர்கள் அதெல்லாம் செய்யமாட்டார்கள்.

விருந்தாளிகளை ஜீப்பில் ஏற்றிவிட்டு முதலாளியும் அவர்களோடு போனார். டைவர்கள் கரையேறி முகமூடியைக் கழற்றினார்கள். இருவர் கண்ணும் சிவந்திருந்தது. பாறை மேல் வழக்கம்போல ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து தலையைத் துவட்டினார்கள். அடியில் அத்தனை பேசியவர்கள் மேலே வந்ததும் புதுப்பெண் மாப்பிள்ளைபோல ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிக்காற்று பட்டதும் பழைய கோளாறு திரும்பிவிட்டதோ?

பெரியவர் துண்டை உதறிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "மேடம், ஆவணி மொத ஞாயித்துக்கெழமை சின்னப் பாப்பாவுக்குக் காது குத்தறோம். அவன்கிட்ட சொல்லுங்க."

துப்பட்டாவுக்குள்ளிருந்து வயர் நுனியை எடுத்து அவருக்கு முன்னால் ஆட்டிக் காட்டினேன். "நான் லைன்ல இல்லீங்க. என் வயரு புடுங்கிக் கெடக்குது."

அவர் வயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அத்தனைக்கும் காரணம் யார் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. திட்டப்போகிறார் என்று ஓர் அடி பின்வாங்கினேன். திட்டவில்லை. மெல்லத் திரும்பி உட்கார்ந்தார், மச்சானின் பக்கம்.

"மச்சான், ஞாயித்துக்கெழமை காது குத்து."

சின்னவர் தலையைத் துவட்டுவதை நிறுத்தினார். துண்டு முகத்தை மூடியபடியே இருந்தது.

"எத்தினி மணிக்கு மாமா?"

"நீ வந்தப்பறம்."